கொப்பி எடுக்கிறவரின் பெயர் மெஷினுக்கு எதற்கு?

எங்களுக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் பியோனாக வேலை பார்க்கிற அண்ணா ஒருவருக்குப் போன செமஸ்டரில் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். எந்த அலுவலகம், எந்தத் துறை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த கடிதமும் அவருக்குத்தான் போகும். கடிதத்தின் சாரம் இதுதான்: கடந்த மூன்று மாதத்தில் உமது இலக்கத்தில் இத்தனை ஆயிரம் பக்கங்கள் கொப்பி எடுக்கப்பட்டிருக்கின்றன, அலுவலகத்திலேயே இதுதான் ஆகக் கூடிய எண்ணிக்கை, காரணம் கூறுக.

காரணம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய வேலையே கொப்பி எடுப்பதுதான். டியூட், வரவுப் பதிவுத் தாள், கூட்ட அறிக்கை, யாரோ ஒருவரின் பதவி உயர்வு விண்ணப்பம், இன்னொருவரின் பிள்ளையின் பாடசாலை அனுமதிப் படிவம் என்று எல்லாம் அவரிடம்தான் வரும். "அண்ணா, இதில முப்பது அடிச்சுத் தாங்கோ" என்பார்கள். அவரும் தன்ர ஐந்து இலக்கத்தை அழுத்தி எடுத்துக் கொடுப்பார். கேட்டவர் யார் என்று மெஷினுக்குத் தெரியாது, அழுத்தியவரைத்தான் அது அறியும். அதன் கணக்குப்படி அந்த அலுவலகத்தில் ஆக அதிகமாகக் கடுதாசி தின்கிற மனிதர், சம்பளப் பட்டியலில் ஆகக் கீழே இருக்கிறவர்.

இன்னொரு அலுவலகத்தில் இதற்கு நேர்மாறான கூத்து. அங்கே தலைவரின் இலக்கம் மெஷினின் மூடிக்குக் கீழே ஒரு சின்னக் கடுதாசியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. எல்லாரும் அதைத்தான் பாவிக்கிறார்கள். பதிவைப் படித்தால் அந்தத் தலைவர் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான பாஸ்ட் பேப்பர்களையும் ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி நோட்டீசையும் கொப்பி எடுத்திருக்கிறார். அவருக்கு யாரும் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்கவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

முதலில் மறுபக்க நியாயத்தைச் சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் கொமென்டில் வந்து சொல்வீர்கள். கடுதாசிக்கும் டோனருக்கும் காசு வேண்டும். 2022 மார்ச்சில் கடுதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் 9, 10, 11 ஆம் வகுப்புகளின் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த நாடு இது. அதே மாதம் பத்திரிகைகள்கூட சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அந்தப் பரீட்சைக்குப் படித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஆகவே ஒரு அலுவலகம் தன் கடுதாசியை எண்ணுவதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. எண்ணட்டும்.

ஆனால் கடுதாசியை எண்ணுவது வேறு, ஆளை எண்ணுவது வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்கிறார்கள்.

பழைய மெஷின்களில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால்தான் வேலை செய்யும். கீ கவுண்டர் என்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெட்டி. மாத முடிவில் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்தால் அந்தப் பிரிவு எத்தனை பக்கம் எடுத்தது என்று தெரியும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இலக்கம் வந்தது. கெனனில் டிபார்ட்மென்ட் ஐடி, ரிக்கோவில் யூசர் கோட், கொனிகா மினோல்டாவில் அக்கவுண்ட் ட்ராக் என்று கம்பனிக்கு ஒரு பெயர், வேலை ஒன்றுதான். கெனனின் பெயரைக் கவனியுங்கள், அதில் இருக்கிறது 'டிபார்ட்மென்ட்'. ஒரு பிரிவுக்கு ஒரு இலக்கம் கொடுத்து, பிரிவுக்கு ஒரு எல்லை வைக்க அதனால் முடியும். ஆளுக்கு ஒரு இலக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த மெஷினும் கேட்பதில்லை. அதைத் தீர்மானிப்பது மெஷினை நிறுவச் சொல்கிற ஆள்.

அடுத்தது காட். அடையாள அட்டையை மெஷினில் தொட்டால்தான் தாள் வெளியே வரும். இப்போதைய மெஷின் கொப்பி மட்டும் எடுப்பதில்லை, அதுவே பிரிண்டர், அதுவே ஸ்கேனர். பிரிண்ட் கொடுத்தால் யார், எத்தனை மணிக்கு, எத்தனை பக்கம் என்பதோடு கோப்பின் பெயரும் பதிவாகும். நீங்கள் 'இராஜினாமாக் கடிதம்' என்று பெயர் வைத்து சேமித்திருந்தால் அந்தப் பெயர் அப்படியே போய் உட்காரும். ஸ்கேன் பண்ணி மெயிலில் அனுப்பினால் எந்த முகவரிக்குப் போனது என்பதும். பெரிய நிறுவனங்களுக்கென்று விற்கிற சில மென்பொருட்கள் இதற்கும் மேலே போய், மெஷினைக் கடந்துபோகிற ஒவ்வொரு பக்கத்தின் படத்தையே எடுத்து வைக்கின்றன. கண்ணாடியில் வைத்த தாள் உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அதன் இன்னொரு கொப்பி எங்கேயோ ஒரு சேர்வரில் இருக்கும்.

கடுதாசி மிச்சம் பிடிக்க இதெல்லாம் எதற்கு?

இந்த இடத்தில் எங்கட மருதானைக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கோச்சியில் வருகிறவர்களும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் சந்திக்கிற இடம் அது. டெக்னிக்கல் சந்திப் பக்கம், ஒரு கதவளவு அகலம், இரண்டு மெஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங் கருவி, மூலையில் லமினேட்டிங். டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகளில் ஒரு புத்தகத்தைப் பார்த்து, வாங்கக் காசில்லாமல், பிறகு யாரிடமாவது இரவல் எடுத்து, இரண்டு அத்தியாயத்தைக் கொப்பி எடுக்க இங்கே வருவோம். "எத்தன மகன்? ரெண்டு பக்கமுமா?" நானா கேட்கிற கேள்வி அந்த இரண்டும்தான். காசை எண்ணுவார், பக்கத்தை எண்ணுவார். எங்கட பெயர் அவருக்கு இன்னும் தெரியாது. நான்கு வருசமாகப் போகிறோம்.

நானாவின் கடை நட்டத்தில் போகவில்லை. ஒரு பக்கத்தையும் அவர் இலவசமாகக் கொடுப்பதும் இல்லை. ஆகவே ஆளின் பெயரைத் தெரியாமலே கடுதாசிக் கணக்கைச் சரியாக வைத்திருக்க முடியும் என்பதற்கு மருதானையில் சாட்சி இருக்கிறது.

கலைப்பீடத்தில், அதுவும் தமிழ்மொழி மூலம் படிக்கிறவர்களுக்குக் கொப்பி என்பது நூலகத்தின் பாதி. வாசிப்புப் பட்டியலில் உள்ள தமிழ்ப் புத்தகங்களில் பல மறுபதிப்பு வராதவை. மூன்று பட்ச் முந்திய அக்கா ஒருவரின் நோட்டில் இருந்து எடுத்த கொப்பியின் கொப்பியின் கொப்பி, எழுத்து மங்கி, ஓரத்தில் யாரோ ஒருவரின் பேனைக் கிறுக்கலோடு எங்கள் கைக்கு வரும். அதைத்தான் படித்து எழுதுகிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போன சுமார் 97,000 புத்தகங்களில் வேறெங்கும் பிரதி இல்லாதவை இல்லாமலே போய்விட்டன. 2005 இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியவர்கள் இன்றுவரை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருப்பது இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்கட்டும் என்பதற்காகத்தான். கொப்பி எடுப்பதை வீண்செலவாக மட்டும் பார்க்கிற நிர்வாகக் கண்ணுக்கு இது தெரியாது. தற்காலிக உதவி விரிவுரையாளருக்கு மாதம் இத்தனை பக்கம் என்று எல்லை வைத்தால், எல்லை முடிந்த அன்று எங்கள் டியூட் முடிந்தது. "வட்ஸ்அப்ல போடுறன், நீங்களே எடுங்கோ" என்பார் அவர், முகத்தைப் பார்க்காமல். செலவு குறையவில்லை, அலுவலகத்தின் பையிலிருந்து எங்கள் பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

"பதிப்புரிமைச் சட்டம் இருக்குதே, அதனாலதான் யார் எதை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கு" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். எங்கட 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11 ஆம் பிரிவை அவர் படிக்கவில்லை. கற்பித்தலுக்காக, வகுப்புக்கென்று பல பிரதிகள் எடுப்பதையும் சேர்த்தே நியாயமான பாவனை என்கிறது அது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி என்ற கொப்பிக் கடைக்கு எதிராக ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அன்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012 இல் வழக்குப் போட்டன, பாடத்துக்கான வாசிப்புப் பொதிகளைக் கொப்பி எடுத்து விற்கிறார்கள் என்று. 2016 செப்டம்பரில் டெல்லி மேல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களாகவே சங்கம் அமைத்துப் போய் நின்றார்கள். இங்கே எங்களுக்கு வழக்கே தேவைப்படவில்லை, ஐந்து இலக்கமே எங்களை நிறுத்திவிடுகிறது.

சரி, பெயர் பதிவானால் என்ன குடி முழுகிப்போகும்?

1969 இல் டேனியல் எல்ஸ்பேர்க் என்ற அமெரிக்கர், வியட்நாம் போர் பற்றி அரசாங்கம் சொன்னதும் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்ததும் ஒன்றல்ல என்று காட்டுகிற சுமார் 7,000 பக்க ரகசிய ஆவணத்தைக் கொப்பி எடுத்தார். லொஸ் ஏஞ்சலிசில் தெரிந்தவர் ஒருவரின் விளம்பர நிறுவனத்தில், இரவு இரவாக, ஒவ்வொரு தாளாக. அந்த மெஷின் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. 1971 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் அதைப் பிரசுரித்தது.

2017 இல் ரியாலிட்டி வின்னர் என்ற இளம்பெண், அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய ஒரு சில பக்க அறிக்கையை வேலைத்தளத்தில் பிரிண்ட் எடுத்து ஊடகம் ஒன்றுக்கு அனுப்பினார். கலர் பிரிண்டர்கள் தாளில் ரகசியமாகப் போடுகிற மஞ்சள் புள்ளிகள்தான் அவரைக் காட்டிக்கொடுத்தன என்று இணையமெங்கும் கதை. புள்ளிகள் இருந்தது உண்மை. ஆனால் எஃப்பிஐ நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் இருப்பது அதைவிடச் சாதாரணமான விசயம்: அந்த ஆவணத்தைப் பிரிண்ட் எடுத்தவர்கள் யார் யார் என்று பதிவைப் பார்த்தார்கள், ஆறு பேர், அந்த ஆறு பேரில் அந்த ஊடகத்துக்கு மெயில் அனுப்பியிருந்தவர் அவர் ஒருவர்தான். ஐந்து வருடமும் மூன்று மாதமும் சிறை. எங்கட அலுவலக மெஷினில் இருக்கிறதும் இதே வகைப் பதிவுதான்.

"அதெல்லாம் உளவு நிறுவனம், எங்கட ஒபிசில என்ன ரகசியம்" என்று கேட்கலாம். டெண்டர் ஒன்றில் கள்ளம் நடந்தால் அதன் தாள் எங்கே இருக்கும்? ஒரு மாணவி கொடுத்த பாலியல் தொந்தரவு முறைப்பாடு எங்கே போய் அமுங்கும்? அலுவலகத்தில்தான். அதை வெளியே கொண்டுவர நினைக்கிற கிளார்க் அக்கா முதலில் போகவேண்டிய இடம் அந்த மெஷின். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, சட்டப்படி வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்ட அரச ஊழியரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் மெஷினுக்கு முன்னால் நின்று இலக்கத்தை அழுத்தப்போகிற விரலுக்கு 40 ஆம் பிரிவு ஞாபகம் வராது. போன செமஸ்டரில் பியோன் அண்ணாவுக்கு வந்த கடிதம்தான் ஞாபகம் வரும்.

சர்வாதிகாரிகளுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1983 இல் ஒரு ஆணை போட்டது. கொப்பி எடுக்கிற கருவிகளுக்கும் டைப்ரைட்டர்களுக்கும் பொலிஸ் அனுமதி வேண்டும். டைப்ரைட்டர் வைத்திருப்பவர் அதன் எழுத்து மாதிரியைப் பொலிசில் கொடுத்து வைக்க வேண்டும், எந்தத் துண்டுப்பிரசுரம் எந்த மெஷினில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க. அதைப் பற்றி இன்று வாசிக்கிறபோது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எங்கட மெஷின் அந்த வேலையைத் தானாகவே, எங்கள் காசில், சத்தம் போடாமல் செய்கிறது.

கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'பதிவு' என்ற சொல்லைக் கேட்டால் வயிற்றில் ஏதோ ஒன்று அசையும். வீட்டில் இருப்பவர் விபரத்தைப் பொலிசில் பதிந்த கொப்பி, அடையாள அட்டைக் கொப்பி, கிராம சேவகர் கடிதத்தின் கொப்பி என்று ஒரு பிளாஸ்டிக் உறை நிறைய கொப்பிகளோடு அம்மாக்கள் அலைந்த காலம் ஒன்று இருந்தது. எங்களில் சிலருக்கு அது மங்கலாக ஞாபகம், மற்றவர்களுக்குக் கேட்ட கதை. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. ஒரு கொப்பி மெஷினையும் அந்த பஸ்களையும் ஒப்பிடுகிற அளவுக்கு நாங்கள் மூளை கழண்டவர்கள் இல்லை. நாங்கள் சொல்வது சின்ன விசயம்: 'சும்மா ஒரு பதிவுக்குத்தான்' என்று யாராவது சொன்னால், எதற்கு, யார் வாசிப்பார், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்கிற பழக்கம் இந்த ஊரில் எங்களுக்காவது இருக்க வேண்டும்.

பாதுகாப்பு என்று ஒரு காரணமும் சொல்கிறார்கள். இலக்கம் இருந்தால் ஆவணங்கள் பாதுகாப்பாக இருக்குமாம். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றுகிறது. காலிமுகத்திடலில் வடை சுற்றித் தருகிற கடுதாசியை விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை எங்களுக்கு வந்தது ஒரு சம்பளப் பட்டியல், பெயர், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் எண்ணெயில் மின்னிக்கொண்டு. பிழையாக வந்த கொப்பிகள் குப்பைத் தொட்டிக்கும் அங்கிருந்து பழைய பேப்பர்காரரிடமும் போகின்றன. ஐந்து இலக்கம் அதைத் தடுக்காது.

தொட்டியை விடப் பெரிய ஓட்டை மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகத்துக்கு வருகிற பெரிய மெஷின்கள் பலவற்றில் கொம்பியூட்டரில் உள்ளது போல ஹார்ட் டிஸ்க் உண்டு. 2010 இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நான்கு பழைய மெஷின்களை வாங்கி டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தது. பஃபலோ நகரப் பொலிசின் குடும்ப வன்முறை முறைப்பாடுகள் ஒன்றில் இருந்தன. அஃபினிட்டி என்ற சுகாதாரக் காப்புறுதி நிறுவனத்தின் நோயாளர் விபரம் இன்னொன்றில் இருந்தது. அந்த நிறுவனம் 2013 இல் 12 லட்சம் டொலருக்கு மேல் கட்டி விசயத்தை முடித்தது. நானாவின் கடையில் இருக்கிற பெரிய மெஷினும் ரீகண்டிஷன் பண்ணியதுதான், ஏதோ ஒரு வெளிநாட்டு ஒபிசில் இருந்து வந்தது என்பார். அதற்குள்ளே என்ன இருந்ததோ. எங்கட அலுவலகங்களின் மெஷின்கள் குத்தகை முடிந்து திரும்பிப் போகும்போது டிஸ்க்கை யார் அழிக்கிறார்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒருவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்: "அதுக்குள்ள டிஸ்க் இருக்கா?"

பாருங்கள், பியோன் எத்தனை பக்கம் எடுத்தார் என்பது தெரிகிறது. மாணவர்களின் மெடிக்கல் ரிப்போட் எங்கே தங்கியிருக்கிறது என்பது தெரியவில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்தைச் சொல்லி எடுத்த தரவை அந்த நோக்கத்துக்கு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கையில் எழுதப்பட்டது. நிறைவேறிய அன்றே முழுதாக நடைமுறைக்கு வந்த சட்டமல்ல அது. ஆனால் ஒரு அலுவலகம் தன் மெஷினின் செட்டிங்கை மாற்ற வர்த்தமானிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு இலக்கத்தை எடுத்துவிட்டுப் பிரிவுக்கு ஒரு இலக்கம் போடலாம். மாதக் கணக்கை எடுத்த பிறகு விபரப் பதிவை அழிக்கலாம். கோப்பின் பெயர் பதிவாகாமல் செய்கிற வசதி உள்ள மெஷினில் அதைச் செய்யலாம். என்ன பதிவாகிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டலாம், ஒரு ஏ4 தாள் போதும். டிஸ்க்கை அழித்தோம் என்று குத்தகைக் கம்பனியிடம் எழுத்தில் வாங்கலாம். ரொக்கட் விடச் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத அண்ணா எங்களிடம்தான் வந்தார். அவருக்குக் கையெழுத்து நல்லாத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கடிதம் அவரை நடுங்க வைத்திருந்தது. "தம்பி, நான் ஒன்றும் வீட்டுக்குக் கொண்டுபோகேல்ல" என்று மூன்று தரம் சொன்னார். நாங்கள் அவரைச் சந்தேகிக்கவே இல்லை, பிறகும் சொன்னார். யார் யாருக்கு என்னென்ன எடுத்துக் கொடுத்தார் என்று பட்டியல் போடலாம் என்றோம். வேண்டாம் என்றார். அந்தப் பட்டியலில் வரப்போகிறவர்கள் எல்லாரும் நாளைக்கும் அவரிடம் கொப்பிக்கு வரப்போகிறவர்கள். கடைசியில் 'அலுவலகக் கடமைகளுக்காக' என்று ஒரே வரியில் பதில் எழுதினோம். அந்தப் பதிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. அவரும் இப்போது யார் தாளை நீட்டினாலும் "நீங்களே உங்கட நம்பரை அடியுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கிறார். அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவருக்குத்தான் வெட்கம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு கேள்விகளை எழுதியிருக்கிறோம். மெஷினில் என்னென்ன பதிவாகிறது, யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள், குத்தகை முடிந்தால் டிஸ்க் என்ன ஆகும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். 2017 இல் வர்த்தமானியில் வந்த கட்டண விதிகளின்படி ஏ4 கொப்பி ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாதான், நானாவைவிட மலிவு. விண்ணப்பத்தில் எங்கட பெயர்களைப் போட்டிருக்கிறோம், ஏழு பேரும். வேறு பீடங்களில், வேறு கம்பஸ்களில் இருக்கிறவர்கள் இதே நான்கு கேள்விகளை உங்கட அலுவலகங்களுக்கும் போடுங்கோ. மாதிரி வேண்டுமென்றால் மெயில் பண்ணுங்கோ, அனுப்புகிறோம்.